சத்தமில்லாமல் சூடாற்றுதல்

என் தங்கை ஒலிநூல்களுக்குக் குரல் கொடுப்பவள். தாம்பரத்தில் அவள் வீட்டின் பின்னறைதான் பதிவுக்கூடம். சுவரில் கனத்த திரைச்சீலை, கதவிடுக்கில் நுரைப்பட்டை, மேசைமேல் ஒரு மைக், பக்கத்தில் ஒரு டெஸ்க்டாப். பதிவு தொடங்கும்போது சீலிங் ஃபேனை அணைப்பாள், ஏ.சி.யை அணைப்பாள். அணைக்க முடியாதது கம்ப்யூட்டர் ஒன்றுதான். சென்ற ஏப்ரலில் அவள் அனுப்பிய அத்தியாயத்தில், மூச்சுவிட அவள் நிறுத்திய இடங்களிலெல்லாம் பின்னால் ஓர் இரைச்சல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. “இத மட்டும் எப்படியாவது நிறுத்திக் குடுண்ணா” என்றாள்.

கேட்க எளிய வேலைதான். ஆனால் பிராசஸர் கூலருக்கு அந்த அறையைவிடக் கடுமையான பரீட்சை கிடைக்காது. ஃபேனும் ஏ.சி.யும் நின்ற அரைமணியில் அறை 35 டிகிரியைத் தொடுகிறது. அறை சூடானால் கூலரின் ஃபேன் வேகமெடுக்கிறது, வேகமெடுத்தால் மைக்கில் விழுகிறது. நல்ல கூலர் எது என்று தேடப் போன எனக்குச் சில வாரங்களில் ஒன்று தெளிவானது. இரைச்சல் போடுவது ஃபேன்தான். ஆனால் அதை விரட்டி ஓட்டுவது, சில்லிலிருந்து அறைக்காற்று வரை சூடு போகும் வழியில் ஆங்காங்கே இழக்கும் டிகிரிகள். வழியில் ஒரு டிகிரியை மிச்சம் பிடித்தால் ஃபேன் அந்த அளவுக்கு நிதானமாகச் சுற்றலாம். அமைதியான கூலர் வாங்குவது இந்த மிச்சக் கணக்குதான்.

பிராசஸர் இழுக்கும் மின்சாரம் எங்கே போகிறது? மோட்டார் இழுக்கும் மின்சாரம் தண்ணீரை மாடிக்கு ஏற்றுகிறது. பிராசஸரிலோ, கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் திறந்து மூடுவதில் செலவாகும் ஆற்றல் அத்தனையும் வெப்பமாகவே வெளியேறுகிறது. அளவு பெரிதொன்றும் இல்லை. ஏ.எம்.டி. தன் ‘65 வாட்’ வகைப் பிராசஸர்களுக்கு (தங்கையுடையதும் அந்த வகைதான்) வைத்திருக்கும் நிஜமான மின் உச்சவரம்பு 88 வாட். பழைய 100 வாட் குண்டு பல்பைவிடக் குறைவு. சிக்கல் பரப்பில் இருக்கிறது. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர் இருக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையில் கோர்கள் அடங்கிய சில்லின் பரப்பு சுமார் 70 சதுர மில்லிமீட்டர், அதாவது சுண்டுவிரல் நகத்தின் அளவு. அதன் வழியே 70 வாட் வெளியேறினால் சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட். இஸ்திரிப் பெட்டியைப்போல் இருபது மடங்கு. இஸ்திரிப் பெட்டி 200 டிகிரி வரைகூடப் போகலாம். இந்தச் சில்லுக்கு எல்லை 95 டிகிரி. அதை நெருங்கினால் சில்லு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சில்லுகள் தொடக்கத்தில் இவ்வளவு சூடாகவில்லை. 1989-ல் வந்த இன்டெல் 486 பல கம்ப்யூட்டர்களில் ஃபேன் இல்லாமலே ஓடியது. 1993-ல் வந்த முதல் பென்டியம் 15 வாட்டைத் தொட்டபோது தலைமேல் ஒரு குட்டி ஃபேனும் வந்து உட்கார்ந்தது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தமும் கூடவே குறைந்தால் ஒரே பரப்பில் சூடு கூடாது என்று ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் 1974-ல் காட்டியிருந்தார்கள். முப்பது ஆண்டுகள் தொழில்துறை அந்தக் கணக்கில்தான் ஓடியது. 2000-களின் நடுவில் மின்னழுத்தம் அதற்குமேல் இறங்க மறுத்தது. பென்டியம் 4-ன் சூடு 100 வாட்டைத் தாண்டியது. அதன் வாரிசாக வரவிருந்த டெஜாஸ் சில்லை 2004 மே மாதத்தில் இன்டெல் கைவிட்டது. ஒரே கோரை மேலும் மேலும் விரட்டுவதை விட்டுப் பல கோர்களுக்கு எல்லோரும் மாறிய கதை அங்கே தொடங்குகிறது. கூலர்கள் செங்கல் அளவுக்கு வளர்ந்ததும் அந்தக் காலத்தில்தான்.

சூடான பொருளை ஆற்ற நம் வீடுகளில் இருக்கும் அறிவு பழையது. கொதிக்கும் காபியை டம்ளரிலிருந்து டவராவுக்கு ஊற்றுகிறோம். குறுகிய டம்ளரில் ஆறாத காபி அகன்ற டவராவில் ஆறிவிடுகிறது; பரப்பு கூடினால் காற்று தொடும் இடம் கூடுகிறது. கூலரும் பரப்பைக் கூட்டுவதற்கான கருவிதான். கோபுர வடிவக் கூலர் ஒன்றில் நாற்பது, ஐம்பது அலுமினியத் தகடுகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தகட்டுக்கும் இரண்டு முகம். எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் அரை சதுர மீட்டர் வரும். புடவையின் பல முழத் துணியைக் கொசுவம் ஒரு கையகலத்தில் அடக்கிவிடுவதைப்போல் இந்தப் பரப்பு ஒரு கையளவு உயரத்தில் அடங்கிவிடுகிறது. சில்லின் முக்கால் சதுர சென்டிமீட்டர் இங்கே வந்து ஐயாயிரம் சதுர சென்டிமீட்டராகிறது.

அந்த முக்கால் சதுர சென்டிமீட்டரிலிருந்து ஐயாயிரத்துக்கு எப்படிப் போவது? நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடிகள் இருப்பதைப்போல் சூடு போகும் வழியில் ஐந்து சாவடிகள். ஒவ்வொன்றும் டிகிரிகளில் கட்டணம் வாங்கும். கடந்துபோகும் வாட்டுக்கு ஏற்பக் கட்டணம் ஏறும். வாட் இரட்டித்தால் கட்டணமும் இரட்டிக்கும். ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி என்ற கணக்கைத்தான் பொறியாளர்கள் வெப்பத்தடை என்கிறார்கள். 88 வாட் முழுதாக ஓடும்போது கட்டணம் தோராயமாக இப்படி இருக்கும்: சில்லிலிருந்து அதன் உலோக மூடி வரை 25 டிகிரி, மூடிக்கும் கூலருக்கும் நடுவில் உள்ள பேஸ்டில் 4, கூலரின் அடிப்பகுதியும் குழாய்களும் சேர்ந்து 6, தகடுகளிலிருந்து காற்றுக்கு 10, கேபினட்டுக்குள்ளிருந்து அறைக்கு 4. மொத்தம் 49. அறை 35 டிகிரி என்றால் சில்லு 84-ல் நிற்கும்.

இந்தக் கணக்கைப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது அந்த 25. பாதிக் கட்டணத்தைப் பிராசஸர் தனக்குள்ளேயே வாங்கிக்கொள்கிறது. நகத்தளவு இடத்தில் பிறந்த சூடு மூடி முழுவதும் பரவுவதற்குள் அவ்வளவு போய்விடுகிறது. ஏ.எம்.டி. 2022-ல் ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு மாறியபோது பழைய கூலர்கள் பொருந்த வேண்டும் என்பதற்காக மூடியைத் தடிமனாகவே வைத்தது. அதற்கும் இதில் பங்குண்டு. எவ்வளவு விலை உயர்ந்த கூலரும் இந்தச் சாவடியைத் தொட முடியாது. மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கிய கூலர் நாலு டிகிரிதான் குறைத்தது என்று பலர் ஏமாற்றத்தோடு சொல்வார்கள். கூலரைக் குறை சொல்லிப் பயனில்லை. மிச்சமிருக்கும் பாதியில்தான் அதற்கு வேலை.

அடுத்தது பேஸ்ட். இரண்டு உலோக முகங்கள் எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாக இருக்கும். பள்ளங்களில் காற்று தங்கினால் சூடு நகராது. தெர்மல் பேஸ்ட் காற்றைவிட நூறு, இருநூறு மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். ஆனால் செம்போடு ஒப்பிட்டால் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு மட்டுமே அது இருக்க வேண்டும். உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில் குறுக்கே நிற்கக் கூடாது. நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்துக் கூலரை நேராக அழுத்தி, எதிரெதிர் திருகுகளை மாற்றி மாற்றி இறுக்கினால் பேஸ்ட் தானே பரவிக்கொள்ளும். புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடித்தாளை உரிக்காமலே மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்தத் தாள் ஒரு புதிய சாவடி.

மூன்றாவது சாவடியில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த கருவி. கூலரின் அடியிலிருந்து தகடுகளுக்குள் ஏறும் செப்புக் குழாய்களைப் பார்த்தால் கெட்டிக் கம்பி என்றே தோன்றும். உள்ளே அவை வெறுங்குழாய்கள். காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் நீர் விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் மிகக் குறைவு என்பதால் உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரிவரை காத்திருப்பதில்லை. குழாயின் அடிப்பக்கம் 45 டிகிரி ஆனால் 45-லேயே ஆவியாகும். அப்போது உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. இட்லிப் பானையில் நடப்பதேதான் இங்கும் நடக்கிறது: அடியில் எழுந்த ஆவி மேலே போய் மூடியில் பட்டு நீராகிறது. நீராகும் நொடியில் தான் சுமந்துவந்த சூட்டையெல்லாம் இறக்கி வைக்கிறது. இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போது ஆவி கையைச் சுட்டுவிடுவது இதனால்தான்.

ஆவி மேலே போவது சரி, நீர் எப்படித் திரும்பி வரும்? குழாயின் உட்சுவரில் செப்புத்தூளை உருகாத அளவுக்குச் சூடாக்கி ஒட்டவைத்த, நுண்துளைகள் கொண்ட ஒரு படலம் இருக்கிறது. அகல் விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுப்பதைப்போல் இந்தப் படலம் நீரைச் சூடான முனைக்கு இழுத்துவருகிறது. மோட்டார் இல்லை, அசையும் பாகம் இல்லை, ஓசை இல்லை.

இது சுமக்கும் சூட்டைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 ஜூல் வேண்டும். அப்படியானால் 88 வாட்டையும் சுமந்து செல்ல வினாடிக்கு 0.04 கிராம் நீர் ஆவியானால் போதும். ஒரு சொட்டைவிடக் குறைவு! கூலரிலுள்ள நாலைந்து குழாய்களும் சேர்ந்து வினாடிக்கு ஒரு சொட்டுக்கும் குறைந்த நீரை மேலே அனுப்பிக் கீழே இறக்கிக்கொண்டிருக்கின்றன. கெட்டிச் செம்பாலேயே அந்தத் தூரம் சூட்டைக் கடத்த முயன்றிருந்தால் கட்டணம் ஆறு டிகிரியில் நின்றிருக்காது, பல பத்தைத் தாண்டியிருக்கும்.

ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ரிச்சர்ட் காக்லர் குளிர்சாதனப் பெட்டிக்காக இப்படி ஒரு குழாய்க்கு 1942-ல் விண்ணப்பித்து 1944-ல் காப்புரிமை பெற்றார். அது அப்படியே கிடப்பில் போனது. 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் தனியாக அதை மறுபடி கண்டுபிடித்து ‘ஹீட் பைப்’ என்று பெயரும் வைத்தார். அவருடைய நோக்கம் விண்கலங்களுக்கான அணுமின் கருவி. எடை இல்லாத வெளியிலும் திரவத்தைத் திருப்பி இழுக்கும் திரி அங்கே தேவைப்பட்டது. இன்று சில ஆயிரம் ரூபாய்க்கு ரிச்சி தெருவில் கிடைக்கும் கூலரில் அது இருக்கிறது.

தங்கையின் கம்ப்யூட்டரில் இருந்ததோ பிராசஸர் பெட்டியிலேயே வந்த தட்டைக் கூலர். ஹீட் பைப் கிடையாது. அலுமினிய வட்டம் ஒன்று, அதன்மேல் ஒரு சிறிய ஃபேன். நாலாவது சாவடி, அதாவது தகடுகளிலிருந்து காற்றுக்குப் போகும் இடம், அதில் மிகவும் குறுகலானது. அந்தக் குறுகலை ஈடுகட்டத்தான் ஃபேன் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கும் மேலே ஓடிக்கொண்டிருந்தது.

ஃபேன் எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். 88 வாட் சூட்டை வாங்கிக்கொண்டு காற்று 10 டிகிரி ஏறலாம் என்று வைத்துக்கொண்டால் வினாடிக்கு ஏழரை லிட்டர் காற்று தேவை. அரைக்குடம்! நல்ல 120 மி.மீ. ஃபேன் தகடுகளுக்கு ஊடே 800, 900 சுற்றிலேயே இதைத் தந்துவிடும். தட்டைக் கூலர் இரைவது, போதிய காற்று இல்லாததால் அல்ல. பரப்புக் குறைந்த தகட்டிலிருந்து சூட்டைப் பிய்த்தெடுக்கக் காற்று வேகமாக உராய வேண்டியிருக்கிறது.

ஃபேனுக்கு மூன்று விதிகள் உண்டு. வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், அழுத்தம் கால் பங்காகும், ஃபேன் இழுக்கும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகும். ஓசையோ சுமார் 15 டெசிபல் இறங்கும். பத்து டெசிபல் இறங்கினால் காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றும் என்பது பொதுவான அளவுகோல். பதினைந்து என்றால் மூன்றில் ஒரு பங்கு. இனி மேலே சொன்ன சுங்கக் கணக்குக்குத் திரும்புவோம். 1,500 சுற்றில் ஓடும் ஃபேனை 750-க்கு இறக்கினால் எந்தச் சாவடியில் கட்டணம் ஏறும்? நாலாவது சாவடியில் மட்டும் குறிப்பிடும்படி ஏறும். அங்கே 10 டிகிரி 16 ஆகலாம். மற்றவை ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆக, 15 டெசிபல் அமைதிக்கு விலை ஆறு டிகிரி. இந்தப் பேரம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது. கையில் ஆறு டிகிரி மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பெரிய ஃபேன் ஏன் என்பதற்கும் இதிலேயே பதில் உண்டு. ஒரே வடிவ ஃபேனின் விட்டத்தைக் கூட்டினால் தள்ளும் காற்று விட்டத்தின் மூன்றாம் மடிக்கு ஏற்பக் கூடும். 120 மி.மீ. ஃபேன் 600 சுற்றில் தள்ளுவதை 80 மி.மீ. ஃபேன் தள்ள 2,000 சுற்று வேண்டும். அதோடு சிறிய ஃபேனின் சத்தம் கீச்சென்று மேல்ஸ்தாயியில் இருக்கும். மனிதக் காது கூர்மையாகக் கேட்பது 2,000 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை. பெரிய ஃபேனின் மெல்லிய முனகல் காதில் அவ்வளவாக விழாது. சிறிய ஃபேனின் கீச்சொலி காதை உறுத்தும்.

ஒரு டெசிபல் எண்ணை மட்டும் நம்பி ஃபேன் வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். சில நிறுவனங்கள் ஃபேனைத் தனியாகத் தொங்கவிட்டு அளக்கின்றன. தகடுகளுக்கு முன்னால் மாட்டியதும் அதே ஃபேன் வேறு குரலில் பேசும். ஒருவர் ஒரு மீட்டரில் அளப்பார், இன்னொருவர் அரை மீட்டரில். இரண்டு அட்டைகளில் அச்சிட்ட எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளே இல்லை. சத்தத்தின் தரமும் எண்ணில் வராது. மலிவான பேரிங்கின் ‘கிர்ர்’ டெசிபலில் சிறியது, ஆனால் நள்ளிரவில் அது ஒன்றுதான் காதில் விழும். எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுற்றும் ஃப்ளூயிட் டைனமிக் பேரிங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது இதற்காகத்தான்.

இரட்டை ஃபேன் கூலர்களில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஏழு இறக்கை கொண்ட ஃபேன் 700 சுற்றில் ஓடினால் இறக்கைகள் வினாடிக்கு 82 முறை கடக்கும். ஒலியின் அடிச்சுருதி அதுவே. பக்கத்து ஃபேன் 710-ல் ஓடினால் அதன் சுருதி ஏறக்குறைய 83. சுருதி சேராத இரண்டு தம்புராத் தந்திகளை மீட்டினால் ‘வாவ், வாவ்’ என்று ஒலி அலைமோதும் அல்லவா, அதேதான் இங்கும். வினாடிக்கு ஒரு முறை விம்மித் தணியும் இந்த ஒலி, அளவில் சிறியதானாலும் கவனத்தைப் பிடித்து இழுக்கும். ஆஸ்திரிய நிறுவனமான நோக்டுவா 2024-ல் வெளியிட்ட என்.எச்.-டி15 ஜி2 கூலரில் இரண்டு ஃபேன்களின் வேகத்தையும் வேண்டுமென்றே சற்று விலக்கி வைத்திருக்கிறார்கள். விம்மல் காதுக்குப் பிடிபடாதபடி வேகமாகிவிடுகிறது. அந்த நிறுவனத்தின் சின்னம் ஆந்தை. பெயரும் ஓர் ஆந்தை இனத்தின் அறிவியல் பெயரிலிருந்து வந்தது. சிறகோரத்தில் சீப்புப் பற்கள்போல் அமைந்த இறகுகள் காற்றின் சுழிப்பை உடைப்பதால்தான் ஆந்தை சத்தமில்லாமல் இரைமேல் இறங்குகிறது. ஃபேன் வடிவமைப்பாளர்கள் இறக்கை விளிம்புகளில் வெட்டும் பள்ளங்களும் வரிகளும் அந்தப் பறவையிடம் கற்ற பாடம்.

இவ்வளவையும் மனத்தில் போட்டுக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரத் தம்பி நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், லிக்விட் போட்டுடுங்க. செம கூலிங், லைட்டும் சூப்பரா இருக்கும்” என்றார். அவர் சொன்னது தவறில்லை, வேறொருவருக்கான பதில். லிக்விட் கூலர் செய்வது சூட்டை நீரில் ஏற்றிக் கேபினட்டின் ஓரத்துக்குக் கொண்டுபோய், அங்கே இன்னும் பெரிய பரப்பில் பரப்புவது. இன்டெல்லின் ஐ9-14900கே போல 253 வாட் வரை இழுக்கும் பிராசஸரை நாள் முழுக்கப் பிழிபவர்களுக்கு 360 மி.மீ. ரேடியேட்டர் தேவைப்படலாம். 88 வாட்டுக்கு அது வேண்டாம். அதில் ஒரு பம்ப் ஓயாமல் ஓடும். ஃபேன் நின்றாலும் பம்ப் நிற்காது. அதன் ரீங்காரம் மைக்குக்கு எட்டக்கூடியது. ரப்பர் குழாய்கள் வழியே நீர் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து குறையும். கடைசியில் சூடு போய்ச் சேரும் இடம் அதே 35 டிகிரி அறைதான்.

ஃபேனே இல்லாத கூலரையும் யோசித்தேன். நோக்டுவா 2021-ல் என்.எச்.-பி1 என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. சூடான காற்று தானாக மேலெழும் மெல்லிய ஓட்டத்தை மட்டும் நம்பும் கருவி என்பதால் தகடுகளைத் தடிமனாகவும் இடைவெளி விட்டும் அமைத்திருக்கிறார்கள். குளிர்நாட்டு அறைக்கு அது அழகான தீர்வு. காற்றே அசையாத தாம்பரத்து மே மாத அறைக்கு எனக்குத் துணிவு வரவில்லை. 500 சுற்றில் ஓடும் ஒரு 120 மி.மீ. ஃபேனை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் காதுக்கும் எட்டாது, அதே சமயம் அந்தச் சிறு காற்றோட்டமே டிகிரிகளை அள்ளிக்கொண்டு போகும். முழு அமைதிக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை அவள் மைக் பிடிக்கப்போவதில்லை.

அளவுகள் விஷயத்தில் அவசரப்படக் கூடாது. பெரிய கோபுரக் கூலர்கள் 155 முதல் 165 மி.மீ. உயரம் இருக்கும். ஜி2-வுக்கு முந்தைய என்.எச்.-டி15 165 மி.மீ.; ஃபேன்களோடு எடை 1.3 கிலோ. தங்கையின் கேபினட்டில் 160-க்குமேல் ஏறாது. முன்பக்க ஃபேன் ரேம் பட்டைகளில் இடிக்குமா என்றும் பார்க்க வேண்டும். தெர்மல்ரைட்டின் பியர்லெஸ் அஸாஸின் 120 எஸ்.இ. போன்ற 155 மி.மீ. இரட்டைக் கோபுரங்கள், பல மடங்கு விலை கொண்ட கூலர்களுக்கு மிக நெருக்கமாக வந்துவிட்ட காலம் இது. கடைசி இரண்டு, மூன்று டிகிரிக்குப் பெருந்தொகை கொடுப்பது இந்த வேலைக்குத் தேவையில்லை. ஆறு ஹீட் பைப் கொண்ட இரட்டைக் கோபுரம் ஒன்றை வாங்கி, நடுவில் ஒரே ஒரு ஃபேனை மட்டும் மாட்டினேன். இரண்டாவது ஃபேன் தரும் ஓரிரு டிகிரி வேண்டாம். சுருதிச் சண்டையும் வேண்டாம்.

பயாஸில் செய்த ஒரு மாற்றம், வாங்கிய கூலரைவிட அதிகம் உதவியது என்றே சொல்வேன். மின் உச்சவரம்பை 88 வாட்டிலிருந்து 65-க்குக் குறைத்தேன். வாட் குறைந்தால் ஐந்து சாவடிகளிலும் ஒரே நேரத்தில் கட்டணம் குறைகிறது, யாராலும் தொட முடியாத அந்த முதல் சாவடியிலும்கூட. ஃபேனைப் பாதி வேகத்தில் ஓட்டும்போது 55 டிகிரியாக இருந்த மொத்தக் கட்டணம் 41 ஆகிவிடும். இழந்த வேகம் சொற்பம். சில்லின் மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. உச்சியில் இருக்கும் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் மின்னழுத்தத்தை எக்கி எக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. 230 வாட் வரை இழுக்கும் ரைசன் 9 7950எக்ஸ்-ஐ 88 வாட்டில் பூட்டினாலும் எல்லாக் கோர்களும் உழைக்கும் வேலைகளில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு வேகம் எஞ்சுகிறது. காசு செலவில்லாத இந்த மாற்றத்தை முதலில் செய்து பார்க்காமல் கூலர் வாங்கக் கடைக்குப் போகக் கூடாது.

அவளுடைய பதிவில் உறுத்தியது உண்மையில் சத்தத்தின் அளவைவிட அது ஏறி இறங்கியதுதான். சீரான ஒலியை மூளை மறந்துவிடும். மாறும் ஒலியை மறக்காது. ஒரு கோப்பைத் திறந்தாலே சில்லின் வெப்பநிலை ஒரே நொடியில் பதினைந்து, இருபது டிகிரி தாவும், அவ்வளவு சிறிய பொருள் அது. ஃபேன் அந்தத் தாவலுக்கெல்லாம் பதறி ஓட வேண்டியதில்லை. முக்கால் கிலோ உலோகம் நடுவில் இருக்கிறது. 88 வாட் முழுதாகப் பாய்ந்தாலும் அது ஒரு டிகிரி சூடாக ஐந்தாறு வினாடி ஆகும். ஆகவே ஃபேனின் வேகத்தை 70 டிகிரி வரை 550 சுற்றிலேயே நிறுத்தினேன். அதற்கு மேலும் படிப்படியாகத்தான் ஏற வேண்டும், ஏறுவதற்கு முன் சில வினாடி காத்திருக்க வேண்டும் என்று அமைத்தேன். மதர்போர்டில் நாலு பின் கொண்ட ஃபேன் இணைப்பு இதற்கு வேண்டும். அந்த நாலாவது பின்னில் வேகத்துக்கான கட்டளை 25,000 ஹெர்ட்ஸில் போகிறது. நம் காதின் எல்லை 20,000. கட்டளை போவது கேட்காது.

ஐந்தாவது சாவடி கேபினட். அதன் முகப்பு கண்ணாடிப் பலகையாக இருந்தது. பார்க்க அழகு, காற்றுக்கு அடைப்பு. தான் வெளியே விட்ட சூட்டையே கூலர் திரும்ப மூச்சிழுத்துக்கொண்டிருந்தது. வலைமுகப்புக்கு மாற்றியதும் உள்வெப்பம் நன்றாகவே இறங்கியது. அதன் பிறகும் ஒரு ‘ம்ம்’ எஞ்சி நின்றது. ஃபேன்களை ஒவ்வொன்றாக விரலால் நிறுத்திப் பார்த்தேன், போகவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்! நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் வினாடிக்கு 120. அந்த 120 ஹெர்ட்ஸ் அதிர்வு கேபினட் வழியாக மேசையில் இறங்கி, மேசை வழியாக மைக் தாங்கிக்கு ஏறியிருக்கிறது. அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டோம். கேபினட்டை மேசையிலிருந்து இறக்கித் தரையில் ரப்பர் துண்டின்மேல் வைத்தோம்.

மே மாதம் பிற்பகலில் ஒரு முழு அத்தியாயத்தை சீலிங் ஃபேனும் ஏ.சி.யும் இல்லாமல் பதிவு செய்தாள். கூலரின் ஃபேன் 550-ஐ விட்டு ஏறவே இல்லை. பதிவு என்பது பிராசஸருக்குப் பெரிய வேலையில்லை. பிறகு எடிட்டிங்கில் ஒலியைச் சுத்தம் செய்யும் நேரத்தில்தான் அது 65 வாட்டைத் தொடுகிறது. அப்போது மைக் அணைந்திருக்கும்.

தாம்பரத்துத் தூசு மட்டும் பாக்கி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சின்ன புளோயரால் ஊதிச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறேன். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் தேயும். மோட்டார் ஜெனரேட்டராகி மதர்போர்டுக்குள் மின்சாரத்தைத் தள்ளவும் கூடும். வெளியிலிருந்து பார்த்துக் கூலர் சுத்தமாக இருப்பதாக முடிவு செய்துவிடக் கூடாது. இரண்டு பக்கமும் உள்ள கம்பிக் கிளிப்பை விடுவித்தால் ஃபேன் தனியே கையோடு வந்துவிடும். தகடுகளின் வாயில் கம்பளிபோல் படிந்திருக்கும் தூசு அப்போதுதான் கண்ணில் படும்.